ஏரும் அரிவாளும்

நூல்களை விமர்சிக்கும் நாம் முழக்கங்களை விமர்சிப்பதில்லை. முழக்கம் மேடையில் எழுந்து வீதியில் கரைந்துபோகும் வெற்றொலி என்று எண்ணிவிடுகின்றோம் போலும். ஆனால், முழக்கமும் ஓர் இலக்கிய ஆக்கமே. அதிலும் சொற்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வேறு சில சொற்கள் வாயிற்படியிலேயே நிறுத்தப்படுகின்றன. எந்தச் சொல் உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்று ஆராய்வது திறனாய்வாளனின் கடமைக்குப் புறம்பானதன்று. நானூறு பக்க நாவல்கள் சாதிக்காதவற்றை இரண்டு சொல் முழக்கங்கள் சாதித்திருக்கின்றன. ‘உழுபவனுக்கே நிலம்’ என்பது அத்தகைய ஒன்று. இந்நாட்டுப் பொதுவுடைமையாளர்கள் உழவனையும் உழவுக் கூலியையும் எவ்வாறு நோக்கினார்கள் என்பதை அறிய, அவர்களுடைய கொள்கை அறிக்கைகளைப் புரட்டுவதினும் இவ்விரு சொற்களை உற்று நோக்குவதே பயன் தரும் என்பது நம் கருத்து.

இவ்வாராய்ச்சி நமக்கெதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். நம் வாசகக் குடும்பங்களுள் பல கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும், பின்னர் வளைகுடா நாடுகளிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு ஐந்து மா, பத்து மா என்று நன்செய் வாங்கிப் போட்டவர்கள் அப்பகுதிகளில் உண்டு. குத்தகைக்கு விட்டவர்கள் சிலர். ஆள் வைத்துப் பயிரிடுபவர்கள் சிலர். இவர்கள் விவசாயிகளா, நிலக்கிழார்களா, அல்லது இரண்டுமில்லாத வேறொரு வகையினரா? நடவுக் கூலியைப் பற்றிய பேச்சு வீட்டுத் திண்ணையில் நடக்கும்பொழுது நாம் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றோம்? ஆகவே, இது பிறர் வீட்டு வழக்கன்று.

இம்முழக்கத்தின் வரலாற்றை வங்கத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1925ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து ஒரு வார இதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதன் பெயர் ‘லாங்கல்’. வங்க மொழியில் அதற்குக் கலப்பை என்று பொருள். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சந்தீப் தீவில் பிறந்து, இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கிய முஸஃப்பர் அஹ்மது அவ்விதழோடு இணைந்தார். மறு ஆண்டில் அது ‘கணவாணி’ என்று பெயர் மாறிற்று. மக்களின் குரல் என்பது மாறிய பெயரின் பொருள். பெயர் மாறினாலும், அந்த இயக்கத்தின் உள்ளத்தில் கலப்பை நிலைத்துவிட்டது.

அழகான பெயர்தான். ஆயினும், கலப்பை யாருடையது? கலப்பை வைத்திருப்பவன் காளை வைத்திருப்பவன். காளை வைத்திருப்பவனுக்குக் கொட்டில் உண்டு, வைக்கோற்போர் உண்டு, சொந்த நிலம் இல்லாவிடினும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பெறும் தகுதி உண்டு. நிலமும் இல்லை, காளையும் இல்லை, ஏரும் இல்லை என்ற நிலையில் உள்ளவனிடம் மிஞ்சுவது அரிவாள் ஒன்றே. பொதுவுடைமை இயக்கத்தின் கொடியை நோக்குங்கள். அதில் சுத்தியலோடு சேர்ந்திருப்பது அரிவாளேயன்றிக் கலப்பையன்று. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேர்தற் சின்னமும் கதிர் அரிவாள்தான். கொடியில் அரிவாள், முழக்கத்தில் ஏர். ஒன்று கூலியாளின் கருவி, மற்றொன்று குடியானவனின் கருவி. இவ்விரண்டும் ஒரே கையில் இருப்பதாகக் கருதிக்கொண்டதுதான் இவ்வியக்கத்தின் பலமும் பலவீனமும் ஆகும்.

உழுபவன் யார் என்று கேட்டால் விடைகள் பல. தன் நிலத்தைத் தானே உழுபவன் ஒருவன். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் ஏர் கொண்டு உழுபவன் மற்றொருவன். பிறர் நிலத்தைப் பிறர் ஏர் கொண்டு, பிறர் காளை பூட்டி, கூலிக்கு உழுபவன் மூன்றாமவன். முழக்கம் இம்மூவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. அடங்காமற்போனவரும் உண்டு. ‘உழுபவன்’ என்ற சொல்லின் ஆண்பால் விகுதி தற்செயலானதன்று. நாற்றுப் பறிப்பவள், நடவு நடுபவள், களையெடுப்பவள் ஆகிய பெண்கள் ஏர் பிடிப்பதில்லை. பிடிக்க வழக்கமும் இடம் தருவதில்லை. நெல் விளைவிப்பதில் முதுகு ஒடியும் வேலையிற் பெரும்பகுதி அவர்களுடையது. நிலம் உழுபவனுக்கு என்று ஆகிவிட்டால் நடுபவளுக்கு என்ன என்ற வினாவை அந்த மேடைகள் நெடுங்காலம் எழுப்பவில்லை.

பொதுவுடைமைத் தத்துவ ஆசான்கள் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். 1920ஆம் ஆண்டில் லெனின் வரைந்த விவசாயப் பிரச்சினை பற்றிய கருத்துரையில் கூலித் தொழிலாளி, அரைக்கூலி, சிறு விவசாயி, நடுத்தர விவசாயி, பெரு விவசாயி என்று படிகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தத்துவத்தில் இருந்த தெளிவு அமைப்பில் இல்லை. 1936இல் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை தோன்றியபோது அதன் முதல் தலைவராகச் சுவாமி சகஜானந்த சரஸ்வதி அமர்ந்தார். மறு ஆண்டே பீகாரில் ஜெகஜீவன் ராம் விவசாயக் கூலிகளுக்கெனத் தனிச் சபை கண்டார். கிசான் சபையினர் அதனை வரவேற்கவில்லை; உழவர் ஒற்றுமையைப் பிளக்கும் முயற்சி என்றே கருதினர். எனினும், சகஜானந்தரே 1941இல் ஹஸாரிபாக் சிறையில் இருந்துகொண்டு விவசாயக் கூலிகளைப் பற்றித் தனி நூல் எழுத நேர்ந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி விவசாயத் தொழிலாளர்க்கென அகில இந்திய அளவில் தனிச் சங்கம் அமைத்தது 1968இல். மார்க்சிஸ்ட் கட்சி அமைத்தது 1982இல். கிசான் சபை பிறந்து முறையே முப்பத்திரண்டு, நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர்! ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்ல அத்தனை ஆண்டுகள் ஆயின.

இதற்கு விலக்குப்போலத் தோன்றுவது கீழத்தஞ்சை. கன்னட நாட்டில் பிறந்து தமிழகத்தைத் தம் களமாக்கிக்கொண்ட பி. சீனிவாசராவ் 1943இல் அங்கு அனுப்பப்பட்டார். மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கிளை அமைந்தது. அக்காலத்தில் பண்ணையாள் வேலைக்குப் பிந்தினால் சாட்டையடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றும் கொடுமை அது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு இவ்விரண்டுக்கும் முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. இச்செயலைப் பொதுவுடைமையாளரைத் தவிர வேறு எக்கட்சியினரும் முன்னின்று செய்யவில்லை என்பதை அவர்களோடு எல்லாவற்றிலும் மாறுபடுபவரும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். கோவில்களிலும் மடங்களிலும் தருமம் பேசியவர்கள் சாட்டையைக் காணவில்லை. காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரம் பேசியவர்களும் காணவில்லை. இதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

அங்கே ‘விவசாயி’ என்ற சொல் என்ன செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மா நிலமும் இல்லாத பண்ணையாளைச் சங்கம் ‘விவசாயி’ என்று அழைத்தது. சாதிப் பெயராலும் ‘அடே’ என்ற விளியாலும் அன்றி வேறெதனாலும் அழைக்கப்பட்டறியாத ஒருவனுக்கு அச்சொல் ஒரு புதுச் சட்டைபோல் அமைந்தது. அவன் நிமிர்ந்தான். சொல்லுக்கு இருக்கும் ஆற்றல் அது. எதிர்ப்புறத்தில் நடந்ததோ விசித்திரமானது. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘நெல் உற்பத்தியாளர் சங்கம்’. உழுதவன் உற்பத்தியாளனல்லன்; நட்டவளும் அல்லள்; அறுத்துக் கட்டிக் களத்தில் சேர்த்தவர்களும் அல்லர். பத்தாயத்துக்குப் பூட்டுப் போட்டவரே உற்பத்தியாளர்! ஆள்பவரும் ஆட்படுபவரும் ஒரே நேரத்தில் உழவின் பெயரைச் சூடிக்கொண்ட இந்த வேடிக்கையை எந்த அங்கத எழுத்தாளனும் கற்பனையில் படைத்துவிட முடியாது.

பெயரின் மறைப்பு 1952இல் வெளிப்பட்டது. இராஜாஜி முதலமைச்சராக இருந்த அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. போராட்டம் கிளர்ந்ததாலேயே வந்த சட்டம் என்பதில் ஐயமில்லை. சாகுபடிதாரனுக்கு விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது பங்கு என்று அது விதித்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக்கூடாது என்றும் கூறிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உடையவர்களையே சட்டம் கட்டுப்படுத்தியது. விளைவு யாது? குத்தகைச் சாகுபடிதாரனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது. பண்ணையாளுக்கோ இருந்த கயிறும் அறுந்தது. மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் பிடிக்கும் முறைக்கு மாறினர். அடிமைத்தளை நீங்கியது, அதனோடு ஆண்டு முழுவதும் கிடைத்த வேலையும் நீங்கியது. ஒரே சட்டம், ஒரே போராட்டம். ஏர் உடையவனுக்கு ஒரு விதி, அரிவாள் மட்டும் உடையவனுக்கு வேறொரு விதி.

அந்த அரிவாள்காரர்களின் கூலிப் போராட்டம் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் எங்கு போய் முடிந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்வதை எதிர்த்ததும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருந்தனக்காரர்கள் தாங்களே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற பொருள்பட அத்தீர்ப்பு அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நாற்பத்து நான்கு உயிர்களுக்குப் பின்னர்தான் ‘விவசாயத் தொழிலாளர்’ என்ற சொல் தமிழக அரசின் சட்டத் தலைப்பில் இடம் பெற்றது என்பதை இங்குக் குறித்துவைக்கலாம்.

இனி, இலக்கியத்துக்கு வருவோம். வெண்மணியைக் கருவாகக் கொண்டு 1975இல் வெளிவந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறையைக் காரணமாக்கிவிட்டார், வர்க்கப் போராட்டத்தை மனநோய்க் குறிப்பாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரித் திறனாய்வாளர்கள் சீறினர். அவர்களுடைய சீற்றம் நியாயமானதே. ஆனால், அச்சண்டையின் இரைச்சலில் வேறொரு குறை எவர் காதிலும் விழவில்லை. கதை பெரிதும் தில்லியிலிருந்து வந்த படித்த இளைஞர்களின் கண்வழியே செல்கின்றது. கூலிக்காரர்கள் அக்கண்களுக்குத் தெரியும் காட்சிகளாகவே நின்றுவிடுகின்றனர். இக்குறையை இடதுசாரிகள் சுட்டிக்காட்டாததற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய இயக்கத்திலும் நிலைமை அதுவே. வெளியிலிருந்து வந்த தலைவர் பேசுவார். சேரியில் இருந்தவர்கள் கேட்பார்கள்.

கட்சி சார்ந்த எழுத்தாளர்களின் நாவல்கள் இதனின் வேறுபட்டவை. டி. செல்வராஜின் ‘மலரும் சருகும்’ 1960களில் வந்தது. நெல்லைச் சீமையில் முத்திரையிட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்று நடந்த போராட்டம் அதன் பின்புலம். ஒரு மரக்காலின் அடிப்பகுதியில் எத்தனை குடும்பங்களின் கஞ்சி மறைந்திருக்கின்றது என்பதை அந்நூல்போல் உணர்த்தியவை குறைவு. கு. சின்னப்பபாரதியின் ‘தாகம்’ நாமக்கல் வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த எளிய குடும்பம் நிலத்தை இழந்து பண்ணைக் கூலியாகத் தேய்வதைக் காட்டுகின்றது. சிறு விவசாயி நாளைய கூலி, ஆதலால் இருவரும் ஒருவரே என்ற கட்சியின் வாதத்துக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. இந்நாவலை நாம் மதிக்கின்றோம். நிலத்தை இழப்பவனின் வலி அதில் பொய்யில்லாமல் அமைந்துள்ளது.

ஆயினும், இவ்வகை நாவல்களில் ஒரு பாத்திரம் நடுநாயகமாக வருவதில்லை. அவன் மூன்று ஏக்கர்க்காரன். தானும் சேற்றில் இறங்குவான். நடவுக்கும் அறுவடைக்கும் பத்து ஆள் வைப்பான். கடன்காரனுக்கு அஞ்சுவான், கூலிக்காரியிடம் அரைப்படி குறைப்பான். அவனிடமும் பணமில்லை, அவளிடமும் பணமில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும் சண்டையே நல்ல நாவலுக்குரிய சண்டை. பெருமிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையிலான போரில் எழுத்தாளனுக்குச் சங்கடமில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பது முதற்பக்கத்திலேயே முடிவாகிவிடுகின்றது. மூன்று ஏக்கர்க்காரன் வந்துவிட்டால் எழுத்தாளனும் திணறுவான், கட்சியும் திணறும். ஆகவே, அவனை வாயிற்படியில் நிறுத்திவிட்டார்கள். ராஜம் கிருஷ்ணன் கட்சிக்காரரல்லர். டெல்டாவின் கூலி மக்களை ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலில் அவர் எழுதியபோது, நடுபவளின் இடுப்பு வலி ஓரளவேனும் தமிழ் உரைநடைக்குள் வந்தது. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ 1999இல் வெண்மணியை அவ்வட்டாரத்துப் பேச்சுமொழியிலேயே மீண்டும் சொல்லிற்று. உள்ளூர்க்காரரின் கை என்பது வரிக்கு வரி தெரிகின்றது.

மூன்று ஏக்கர்க்காரனை வாயிற்படியில் நிறுத்த இயலாமற்போன நாடு கேரளம். அங்கு அவனே வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டான். கதை மலபாரிலிருந்து தொடங்குகின்றது. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைமாரின் கிளர்ச்சியை வெறும் மதவெறி என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தனர். அதன் அடியில் ஜன்மிகளுக்கு எதிரான குடியானவர் துயரம் இருந்ததென்று எடுத்துக்காட்டியவர்களுள் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் குறிப்பிடத்தக்கவர். அக்கிளர்ச்சியின் இருபத்தைந்தாம் ஆண்டாகிய 1946இல் அழைப்பும் எச்சரிக்கையும் என்ற தலைப்பில் கட்சி தன் மதிப்பீட்டை வெளியிட்டது. குடியானவனின் வீரத்தைப் பின்பற்றுக, மதப்பூசலாக அது திரிந்ததிலிருந்து எச்சரிக்கை பெறுக என்பது அதன் சாரம். இதற்கு முன்னரே, 1940இல் மலபார் குத்தகை விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்து மாறுபட்ட குறிப்பு எழுதியவரும் அவரே. அவருடைய சிந்தனையின் நடுவில் நின்றவன் குத்தகைக் குடியானவன். மலபாரில் அது இயல்பே. அந்நாட்டின் எரியும் பிரச்சினை குத்தகைதான். ஆனால், அக்குடியானவனின் வயலில் இறங்கி உழுத புலையனும் செறுமனும் அவ்வரலாற்றின் பக்கங்களில் மெலிந்த எழுத்துகளாகவே காணப்படுகின்றனர்.

முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை 1959இல் கொண்டுவந்த விவசாய உறவுகள் மசோதா பல தடைகளைத் தாண்டி, வேறு உருவில், 1970 ஜனவரி 1 முதல் முழு வடிவம் பெற்றது. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலம் அது. குத்தகை முறை ஒழிந்தது. குத்தகைக் குடியானவன் நிலத்துக்கு உடையவனானான். இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் இத்துணை முழுமையாக இது நடைபெறவில்லை. கூலிக்குக் கிடைத்தது என்ன? அவன் குடியிருந்த குடிசையும் அதைச் சூழ்ந்த மண்ணும்; கிராமத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று. வெளியேறு என்று எவரும் இனி விரட்ட முடியாது என்பது பெருஞ்செல்வம். அதைக் குறைத்து மதிப்பிடுபவர் வாடகை வீட்டில் வாழ்ந்தறியாதவர். ஆனால், பத்து சென்ட் என்பது வயலன்று. உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கம் வென்றது. உழுதவனில் ஒரு பகுதியினருக்கு வயலும் மற்றொரு பகுதியினருக்கு வாசலும் கிடைத்தன.

இதன்பின் நடந்தவை நாவலாசிரியர்கள் எழுதாமல் விட்ட சண்டையே. நேற்றுவரை ஒரே கொடியின் கீழ் ஜன்மியை எதிர்த்த இருவர் இன்று எசமானனும் ஆளுமாக எதிரெதிரே நின்றனர். 1974இல் கேரள விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரமும், வழக்கமாக வேலை செய்தவர்க்கு முன்னுரிமையும், சேமநிதியும் அதில் இடம்பெற்றன. கூலி உயர்ந்தது. தென்னையின் விலையும் ரப்பரின் விலையும் அதனினும் உயர்ந்தன. வளைகுடாப் பணம் வந்தது. நெல் வயல் சுருங்கிற்று. 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த நாட்டில், 2010களில் இரண்டு லட்சம் ஹெக்டேரளவே எஞ்சிற்று. கூலி உயர்வே இதற்கெல்லாம் காரணம் என்று பேசுபவர்களை நாம் ஏற்கவில்லை. விலை, நீர், மண்மேடு, மனைவிற்பனை அனைத்துக்கும் பங்குண்டு. ஆனால், வயல் தோப்பானால் கூலிக்கு வேலை இல்லை என்பது கண்கூடு. 1997இல் ஆலப்புழைப் பகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர், நெல்வயலைத் திருத்தி நடப்பட்டிருந்த வாழையையும் தென்னங்கன்றையும் மரவள்ளியையும் வெட்டிச் சாய்த்தனர். முன்னின்றவர், குட்டநாட்டின் சேற்றில் கூலிகளைத் திரட்டித் தம் அரசியலைத் தொடங்கிய, 2025இல் மறைந்த வி.எஸ். அச்சுதானந்தன். வெட்டுண்ட வாழைகளுக்குரியவர்களில் சிறு விவசாயிகளும் இருந்தனர். அரிவாள் அன்று ஏரின் மீது பாய்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நெல்வயல் காப்பு ஒரு பொதுக் கொள்கையாகி, 2008இல் சட்டமும் ஆயிற்று. அச்சுதானந்தன் செய்தது சரி என்பாரும் உண்டு. பிறர் பயிரை வெட்டுவது போராட்டமாகாது என்பாரும் உண்டு. நம் கருத்து இரண்டாவதைச் சார்ந்தது. எனினும், சண்டை இருக்கின்றது என்பதை மூடி மறைக்காத ஒரு நிகழ்ச்சியாக அதைப் பதிவு செய்கின்றோம்.

வங்கம் மாற்றுவழியை மேற்கொண்டது. சண்டையே இல்லை என்று அங்கு முடிவு செய்துகொண்டார்கள். 1946–47இல் நடந்த தேபாகா கிளர்ச்சியில் வாரக் குடியானவன் கேட்டது விளைச்சலின் மூன்று பங்கில் இரண்டு. 1940இல் நிலவருவாய் விசாரணைக் குழுவே பரிந்துரைத்த பங்கு அது. இந்துக்களும் முஸ்லிம்களும் பழங்குடியினரும் ஒன்றாய் நின்று போராடினர். நாடு மதக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். 1977இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி மறு ஆண்டே வாரக் குடியானவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கி, ஏறத்தாழ 14 லட்சம் பேரைப் பதிந்தது. பதிவுச் சீட்டு பெற்றவனை எளிதில் வெளியேற்ற முடியாது. இது சாதனை. ஆனால், விவசாயக் கூலிகளுக்கெனத் தனிச் சங்கத்தை மார்க்சிஸ்ட் கட்சி அம்மாநிலத்தில் நெடுங்காலம் அமைக்கவில்லை. அவர்கள் கிருஷக் சபையின் ஒரு மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டனர். கூலித் தகராறு எழுந்தால் கிராமத்துக் கட்சிக்காரர் இருதரப்பையும் அழைத்து, சிறு விவசாயி தாங்கும் அளவுக்குக் கூலியைத் தீர்த்துவைப்பார். சமாதானம் நிலவியது. சமாதானத்தின் செலவு கூலிக்காரனின் கணக்கில் எழுதப்பட்டது. 2006இல் சிங்கூரில் மோட்டார் ஆலைக்கு நிலம் எடுத்தபோது உடையவனுக்கு விலை கொடுத்தார்கள். பதிவுபெற்ற வாரக் குடியானவனுக்கு அதில் ஒரு பகுதி கொடுத்தார்கள். அந்நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவனுக்கு நிலத்தின் விலையில் பங்கெதுவும் இல்லை. நந்திகிராமத்தில் 2007 மார்ச் 14ஆம் நாள் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் பதினால்வர் மாண்டனர். உழுபவனுக்கே நிலம் என்று கற்றுக்கொடுத்த கட்சியிடமே, அந்நிலத்தைத் தரமாட்டோம் என்று உழவர் சொன்னார்கள். பாடத்தை அவர்கள் நன்றாகவே படித்திருந்தனர்.

பொதுவுடைமையாளர்கள் இதற்கெல்லாம் சொல்லும் மறுமொழியை நாம் அறிவோம். முதலில் பெரிய எதிரியை வீழ்த்துவோம். உழவனும் கூலியும் பிரிந்தால் பயன் பெருநிலக்காரனுக்கே என்பது அது. பெருநிலக்காரன் நெஞ்சை நிமிர்த்தி நின்ற காலத்தில் அவ்வாதத்துக்கு வலு இருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் சாகுபடியாளர் ஏறத்தாழ 7 கோடி, விவசாயக் கூலிகள் 2.7 கோடி. 2011இல் சாகுபடியாளர் 11.9 கோடி, கூலிகள் 14.4 கோடி. கூலிகளின் தொகை சாகுபடியாளரின் தொகையை மிஞ்சிய முதற்கணக்கு இது. மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள்தாம் வீட்டில் பெரும்பான்மையினர்.

மற்றொன்றும் மாறியிருக்கின்றது. கூலி நெல்லாக அளக்கப்பட்டபோது நெல்விலை ஏறினால் கூலிக்காரனுக்கு நட்டமில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1948இல் எழுதிய குட்டநாட்டுக் கூலிகளின் கதைக்கு ‘ரண்டிடங்ஙழி’ என்று, இரண்டு படி என்று பெயர் வைத்தது வெறும் அழகுக்காக அன்று; கூலியே அந்த அளவில்தான் இருந்தது. கூலி காசாக மாறிய நாளிலிருந்து அவன் அரிசி வாங்குபவனாகிவிட்டான். நெல்லுக்கு ஆதார விலை உயர வேண்டும் என்பது உழவனின் கோரிக்கை. அரிசி விலை உயரக்கூடாது என்பது கூலிக்காரியின் வேண்டுதல். நியாயவிலைக் கடை இவ்விரண்டுக்கும் நடுவில் திரையாக நிற்பதால் சண்டை நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. பஞ்சாபில் 2020 ஜூனில் அத்திரை சற்றே விலகிற்று. ஊரடங்கினால் வெளிமாநில ஆட்கள் வாராத அம்மாதத்தில், நடவுக்கு இதற்கு மேல் கூலி கொடுக்கக்கூடாது என்று பல கிராமப் பஞ்சாயத்துகள் தீர்மானம் இயற்றின. மீறுவோர்க்குத் தண்டம் என்றன. அதே ஆண்டு நவம்பரில் அதே மாநிலத்து உழவர்கள் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தில்லி எல்லையை அடைந்தனர். அப்போராட்டத்தில் இடதுசாரிச் சார்புடைய உழவர் அமைப்புகள் பல முன்னின்றன. உழவர் தொழிலாளர் ஒற்றுமை வாழ்க என்பது அங்கு ஓங்கி ஒலித்த முழக்கம். 2021இல் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன, உழவர் வென்றனர். ஜூன் மாதத்து நடவுக் கூலித் தீர்மானங்களை எந்த வெற்றிவிழா மேடையிலும் எவரும் நினைவூட்டவில்லை.

கீழத்தஞ்சையில் இப்போது டிராக்டர் உழுகின்றது, இயந்திரம் அறுக்கின்றது. ஏரும் இல்லை, அரிவாளும் இல்லை. எஞ்சியிருப்பது நடவு. அதற்கும் உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்று உடையவர்கள் சொல்வதும், கேட்கும் கூலி கிடைப்பதில்லை என்று உள்ளூர்ப் பெண்கள் சொல்வதும் பருவந்தோறும் கேட்கும் பேச்சு. அண்மை ஆண்டுகளில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுக்களாக வருகின்றனர். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, கயிறு பிடித்து வரிசை மாறாமல் நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகின்றனர். வெண்மணியில் சண்டைக்கு வித்திட்டவற்றுள் ஒன்று வெளியூர் ஆட்கள். இன்று வந்திருக்கும் வெளியூர் ஆட்கள் ‘லாங்கல்’ வெளிவந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். வரப்பில் நின்று அவர்களுக்கு ஏக்கர் கணக்குப் பார்த்துப் பணம் எண்ணிக் கொடுக்கும் உடையவர்களுள் நம்மவர்களும் இருக்கின்றார்கள்.